புலியைக் கொடுத்துப் பூனை வாங்கியவள்

முகாம்,
2-8-1983

அன்புத் தங்கை உலகம்மாளுக்கு,

அண்ணன் சிவனணைந்தபெருமாள் எழுதுவது. பனியும் குளிருமாக இருந்தாலும் உடம்புக்கு ஒன்றுமில்லை. நீயும் சித்தப்பா வீட்டாரும் நலம் என்று நம்புகிறேன்.

கல்யாணத்துக்கு லீவு கேட்டேன், கிடைக்கவில்லை. கேப்டன் என்றால் தோளில் நட்சத்திரம் கொடுப்பார்கள், லீவு கொடுக்க மாட்டார்கள். அப்பாவும் அம்மாவும் இல்லாத வீட்டில் நான் பக்கத்தில் நிற்காமல் உனக்குத் தாலி ஏறுவது எனக்குப் பெரிய குறைதான். சித்தப்பா முன்னின்று நடத்துவார்.

ஆனால் சீர் விஷயத்தில் ஒருவரும் என்னைக் குறை சொல்லக்கூடாது. என் ஜாகுவார் காரையே உனக்குச் சீராகப் போடுகிறேன். ஆரியங்காவு எஸ்டேட் துரை சீமைக்குக் கிளம்பும்போது அவரிடம் நான் ஆசை ஆசையாக வாங்கின வண்டி. ரெண்டே சீட்டு, ஆனால் ரத வீதியில் அது வந்தால் தேருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஜனங்கள் அதைப் பார்ப்பார்கள். மூக்கில் பாய்கிற பொம்மையைப் பார்த்து ஊரே புலிவண்டி என்று பேர் வைத்தது உனக்குத் தெரியும். மண்டபத்து வாசலில் நிறுத்தச் சொல். மாப்பிள்ளை வீட்டார் பார்க்கட்டும்.

ஒரு விஷயம். வெள்ளிக்கிழமைதோறும் எஞ்சினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு அணைக்க வேண்டும். மற்றபடி யாரும் அதை ஓட்டக்கூடாது. முக்கியமாக நீ. அப்பாவின் டிராக்டரை எடுத்து வடக்கு வயல் வரப்பை உடைத்தவள் நீதான் என்பதை நான் மறக்கவில்லை. லீவில் வந்து நானே ஓட்டிக்கொள்கிறேன்.

மாப்பிள்ளை இசக்கியப்பனுக்கு என் வாழ்த்து. உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புள்ள அண்ணன்,
சிவனணைந்தபெருமாள்


குற்றாலம்,
12-9-1983

திருக்குற்றாலநாதர் துணை

அன்புள்ள அண்ணனுக்கு உலகம்மாள் நமஸ்காரம். இங்கே நானும் உங்கள் மாப்பிள்ளையும் சுகம். உங்கள் சுகத்துக்குத் தினம் ஒரு கும்பிடு போடுகிறேன்.

கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. நீங்கள் இல்லாத குறையைப் புலிவண்டி தீர்த்துவைத்தது. சீர்த் தட்டுகளுக்கு நடுவே அதை நிறுத்தி, பானட்டில் சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டிருந்தார்கள். மாடத்தி அத்தை மாப்பிள்ளை வீட்டுப் பெண்களைப் பார்த்து, "எல்லா அண்ணனும் வெண்கலப் பானை அனுப்புவான். எங்க பிள்ளை புலியைல்லா அனுப்பிருக்கான்" என்றாள். எனக்குத் தலை கொள்ளாத பெருமை. மணவறையில் குனிந்து உட்காரவே மனம் வரவில்லை.

மறுநாள் வண்டி எப்படியோ குற்றாலம் வந்து சேர்ந்துவிட்டது. எங்கள் லாட்ஜுக்குப் பின்னால் ஷெட்டில் நிற்கிறது. உங்கள் மாப்பிள்ளைக்குச் சைக்கிளே சரியாக வராது. ஐந்தருவி ரோட்டில் இறக்கம் வந்தால் இறங்கித் தள்ளிக்கொண்டு போகிற மனிதர். அதனால் நீங்கள் பயப்பட வேண்டாம். வெள்ளிக்கிழமைதோறும் தவறாமல் எஞ்சினை ஓடவிடுகிறேன். சத்தத்துக்கு லாட்ஜில் எண்ணெய் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவர்கள் எழுந்து ஓடிவந்து பார்க்கிறார்கள்.

பிரேக் மட்டும் கொஞ்சம் இடதுபக்கம் இழுக்கிறது. என்ன செய்யலாம் என்று எழுதவும். குளிருக்குக் கம்பளியைப் போர்த்திக்கொள்ளுங்கள்.

உங்கள் தங்கை,
உலகம்மாள்


முகாம்,
20-10-1983

அன்புத் தங்கைக்கு, சுகம். உங்கள் இருவர் சுகமும் அப்படியே இருக்க வேண்டும்.

உன் கடிதத்தை மெஸ்ஸில் இருக்கிற தமிழ் ஆட்கள் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். பஞ்சாபிக்காரனுக்கும் மொழிபெயர்த்துச் சொன்னேன். என் வண்டியைப் பற்றிப் பேசாமல் நான் இங்கே ஒருநாளும் சாப்பிட்டதில்லை. அடுத்த ஆனி மாதம் லீவு. சாரல் நேரத்தில் தென்காசியிலிருந்து புளியரை வழியாக ஆரியங்காவு வரை ஒரே மூச்சில் ஓட்டிப்போகப் போகிறேன். கனவில்கூட அதைத்தான் ஓட்டுகிறேன்.

அது இருக்கட்டும். நிற்கிற வண்டிக்குப் பிரேக் எப்படியம்மா இடதுபக்கம் இழுக்கும்? "எப்படியோ" குற்றாலம் வந்தது என்றால், எப்படி வந்தது? யார் ஓட்டினார்கள்? பதில் எழுது.

மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல்.

அண்ணன்


குற்றாலம்,
1-12-1983

அன்புள்ள அண்ணனுக்கு நமஸ்காரம். நலம். கார்த்திகைக்கு லாட்ஜ் முழுக்க விளக்கு வைத்தேன். மழை அவ்வளவையும் அணைத்துவிட்டது. அருவியில் செம்மண் தண்ணீர் விழுகிறது. போலீஸ் யாரையும் குளிக்க விடவில்லை. ஆய்க்குடி முருகனுக்கு உங்கள் பேரில் அர்ச்சனை செய்து வந்தோம்.

வண்டி நன்றாக இருக்கிறது.

உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். மழை பெய்து நனைந்த ரோட்டில், வளைவில் திரும்பும்போது, வண்டியின் பின்பக்கம் வழுக்கி ஒதுங்கினால் என்ன செய்யணும்? உங்கள் மாப்பிள்ளையின் சிநேகிதர் ஒருவர் கேட்டார்.

சளி பிடித்தால் மிளகு ரசம் வைத்துத் தரச் சொல்லுங்கள். சமையல்காரர் வடக்கத்தியார் என்றால் செய்முறை எழுதி அனுப்புகிறேன்.

தங்கை,
உலகம்மாள்


குற்றாலம்,
24-1-1984

அன்புள்ள அண்ணனுக்கு நமஸ்காரம். இங்கே எல்லோரும் சுகம். உங்கள் சுகம்தான் தெரியவில்லை.

போன கடிதத்துக்கு இன்னும் பதில் இல்லை. இது எனக்குத் தலைப்பொங்கல். அண்ணன் வீட்டிலிருந்து பொங்கல்படி வரும் என்று மாமியார் வீட்டார் எதிர்பார்த்தார்கள். கரும்பும் பானையும் சித்தப்பா கொண்டுவந்தார். உங்களிடமிருந்து ஒரு வரிகூட வரவில்லை. "எங்க அண்ணன் பத்துப் பொங்கலுக்குச் சேர்த்துப் புலியாவே தந்துட்டாரு" என்று சிரித்துச் சமாளித்துவிட்டேன். எனக்குப் பொங்கல்படி ஒன்றும் பெரிதில்லை. நீங்கள் மறக்கிற ஆள் இல்லை என்பதுதான் மனதைப் போட்டு அரிக்கிறது.

இருக்கிறேன் என்று ஒரு கார்டு போட்டால் போதும். சாமி கும்பிட்டபடி காத்திருக்கிறேன்.

உலகம்மாள்


பூனா,
6-3-1984

அன்புத் தங்கைக்கு, அண்ணன் சுகம். உன் கடிதங்கள் சுற்றிச் சுற்றி இங்கே வந்து சேர்ந்தன. என்னை ஒரு பயிற்சிக்காகப் பூனாவுக்கு அனுப்பியிருக்கிறார்கள். கடுமையான பயிற்சி. அதனால் எழுத முடியவில்லை. பொங்கல்படிக்காக என்னைத் திட்டிக்கொள், உனக்கு அந்த உரிமை உண்டு.

மாப்பிள்ளையின் சிநேகிதருக்குச் சொல்: பின்பக்கம் ஒதுங்கும்போது பிரேக்கை மிதிப்பவன் செத்தான். பயந்து ஆக்ஸிலேட்டரை ஒரேயடியாக விடவும் கூடாது. காலை மெதுவாகத் தளர்த்தி, வால் எந்தப் பக்கம் போகிறதோ ஸ்டியரிங்கை அந்தப் பக்கமே கொஞ்சம் திருப்ப வேண்டும். கண் போகிற ரோட்டில் இருக்கணும், பள்ளத்தில் இருக்கக்கூடாது. வண்டி தானாக நேராகும். அந்தச் சிநேகிதர் பாவாடை தாவணியில் டிராக்டர் ஓட்டினவராக இருக்கமாட்டார் என்று நம்புகிறேன்.

ஆனி மாதம் கட்டாயம் வருகிறேன். வண்டி தயாராக இருக்கட்டும். ஒரே ஒரு தடவை அதை ஓட்டிவிட்டால் போதும் எனக்கு. அதற்குள் ஒன்று செய். இடதுகால் பெடல் எவ்வளவு கனமாக இருக்கிறது என்று மாப்பிள்ளையை மிதித்துப் பார்க்கச் சொல். லேசாக்க முடியுமா என்று மெக்கானிக்கிடம் கேட்டு எழுது.

இருவரும் நலமாக இருங்கள்.

அண்ணன்


குற்றாலம்,
2-4-1984

அன்புள்ள அண்ணனுக்கு உலகம்மாள் நமஸ்காரம். உங்கள் கடிதம் கண்டு உயிர் வந்தது. நாங்கள் சுகம்.

இதை எழுத நாலு நாளாக உட்கார்ந்து எழுந்துகொண்டிருக்கிறேன். சுற்றி வளைக்கப்போவதில்லை. புலிவண்டி இப்போது என்னிடம் இல்லை. அதைக் கொடுத்துவிட்டு ஒரு சின்ன வண்டி வாங்கிவிட்டேன்.

கல்யாணத்துக்கு மறுநாள் அதைக் குற்றாலத்துக்கு ஓட்டிவந்தது நான்தான். அன்றிலிருந்து விடியற்காலையில் புளியரை வரை போய்வருகிறேன். லைசென்ஸ் எடுத்துவிட்டேன். சிநேகிதர் என்று எழுதினதும் நான்தான், அது உங்களுக்கே தெரிந்திருக்கும். ஆனி முதல் வாரம் மதுரையிலிருந்து ஒரு சங்கம் கார்ப் போட்டி வைக்கிறது. தென்காசி, செங்கோட்டை, புளியரை, கோட்டைவாசல் வழியாக ஆரியங்காவு. நான் பேர் கொடுத்திருக்கிறேன். பெண்பிள்ளைகளில் நான் ஒருத்திதான்.

புலி நேர் ரோட்டில் புலிதான். ஆனால் புளியரை எஸ் வளைவில் அதன் மூக்கு நீளத்துக்கு ஒரே திருப்பில் திரும்பாது. ஒருநாள் பாதி வளைவில் நின்று பின்னால் எடுத்தேன். மேலேயிருந்து வந்த மரலாரிக்காரர் இறங்கி, "ஏம்மா, இது மலைக்கு வந்த வண்டியா, அரண்மனைக்கு வந்த வண்டியா?" என்றார். அவர் கேட்டது நியாயம்.

எங்கள் லாட்ஜில் ஒரு கோயம்புத்தூர் மில்காரர் தங்கினார். ரேஸ் ஓட்டுகிறவர். புலியைப் பார்த்ததும் சாப்பாட்டை மறந்துவிட்டார். அவர் ஓட்டிவந்தது நம் சந்தனப்பெட்டி அளவு சின்னக் கார். பின்கதவு மேலே தூக்கித் திறக்கும். பார்த்தால் ஒன்றுமில்லை. எஞ்சினை மட்டும் பிரித்து வேகத்துக்கென்று மாற்றிக் கட்டியிருக்கிறார். ஓட்டிப் பார்த்தேன் அண்ணே. நினைத்த இடத்தில் திரும்புகிறது. நான் நினைப்பதற்கு முன்னாலேயே திரும்புகிறது. அதற்கு இதை மாற்றிக்கொண்டேன்.

ஊரில் "புலியைக் குடுத்துப் பூனை வாங்கிட்டா" என்று சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். நீங்கள் கோபப்படுவீர்கள் என்று தெரியும். ஆனால் சீராகப் போட்ட பொருளைத் திரும்பக் கேட்கிற வழக்கம் நம் வீட்டில் கிடையாது. நீங்கள் கொடுத்தீர்கள், நான் நிஜமாகவே வாங்கிக்கொண்டேன்.

இடதுகால் பெடலைப் பற்றி ஏன் கேட்டீர்கள்? அதுமட்டும் எனக்குப் புரியவில்லை. உடம்பைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

உலகம்மாள்


பூனா,
16-4-1984

மாப்பிள்ளை திரு. இசக்கியப்பன் அவர்களுக்கு,

தங்கள் நலம் அறிய விரும்புகிறேன்.

உங்கள் மனைவி எழுதிய கடிதம் கிடைத்தது. அவளுக்குப் பதில் எழுத எனக்கு மனமில்லை. ஒரு பெண் ஒரு ஜாகுவாரைக் கொடுத்துவிட்டு ஒரு டப்பாவை வாங்கும்போது வீட்டு ஆண்பிள்ளை எங்கே போயிருந்தீர்கள்? கொடுத்தேன் என்றால் கொண்டுபோய் விற்றுவிடச் சொன்னேனா? அந்த வண்டி அங்கே நிற்கிறது என்ற நினைப்பில்தான் இந்த நாலு மாதமும் நான் எழுந்து உட்கார்ந்தேன். நான் ஊருக்கு வரும்போது அது ஷெட்டில் நிற்க வேண்டும். எப்படி என்று நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வேறு விசேஷம் இல்லை.

சிவனணைந்தபெருமாள்


குற்றாலம்,
27-4-1984

மதிப்புக்குரிய மச்சான் அவர்களுக்கு இசக்கியப்பன் வணக்கம். இங்கே யாவரும் க்ஷேமம்.

கடிதம் கிடைத்தது. ஆண்பிள்ளை எங்கே போயிருந்தான் என்று கேட்டிருக்கிறீர்கள். நான் அந்தச் சின்னக் காரின் இடதுபக்க சீட்டில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உங்கள் தங்கை ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். எஸ் வளைவு முடிந்ததும் இறங்கி வாந்தி எடுத்தேன். அப்புறம்தான் சரி என்று தலையாட்டினேன்.

ஆனால் ஒன்று சொல்கிறேன். அவள் ஓட்டுகிறதைப் பார்த்தால் உங்களுக்கும் என்னைப்போல் பெருமையாகத்தான் இருக்கும். எங்க அம்மாவே தெருவில் நின்று, "எங்க மருமவ போறா, ஒதுங்குங்கலே" என்கிறாள். போட்டியில் ஓட்டுகிறவர் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து முன்னால் வருகிற வளைவைச் சத்தமாகச் சொல்ல வேண்டுமாம். கண்ணை மூடுகிறவன் என்ன சொல்ல? அந்த ஆள் கிடைக்காமல் திண்டாடுகிறாள்.

வண்டியைத் திரும்ப வாங்க என்னால் ஆகாது. அவள் பொருள். அதில் நான் வாய் வைக்க மாட்டேன்.

மச்சான், நாலு மாதமாக எழுந்து உட்கார்ந்தேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்கு முன்னால் ஏன் படுத்திருந்தீர்கள்? உலகம்மாள் அந்த ஒரு வரியைத்தான் திரும்பத் திரும்பப் படிக்கிறாள். சோறு இறங்கவில்லை. உடனே எழுதவும்.

பணிவுடன்,
இசக்கியப்பன்


பூனா,
8-5-1984

உலகம்மா,

சுகமாக இருக்கிறேன் என்று எழுதித்தான் பழக்கம். இந்தத் தடவை உள்ளதை எழுதுகிறேன்.

டிசம்பரில் மலைரோட்டில் ஜீப் புரண்டது. மூன்று பேரை வெளியே இழுத்துப் போட்டேன். அதில் எனக்கு வருத்தமில்லை, பெருமைதான். என் இடதுகால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. பூனாவில் பயிற்சி என்று எழுதினேனே, அது மரக்காலில் நடக்கிற பயிற்சி. மெஸ்ஸில் கத்திப் பேசின வாய் சும்மா கிடக்கிறது. நொண்டி என்று யாராவது பாவப்பட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அதனால்தான் சொல்லவில்லை. உன்னிடமும் எனக்குப் பாவம் வேண்டாம்.

படுக்கையில் கண்ணை மூடினால் புலிவண்டியின் கிளட்ச் பெடல்தான் தெரியும். மரக்காலால் அதை மிதித்து ஒரே ஒரு தடவை கியர் மாற்றிவிட்டால் நான் பழைய பெருமாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். டாக்டரிடம் கேட்டேன். அவர் சிரிக்கவில்லை, இல்லை என்று தலையை மட்டும் அசைத்தார். அது முடியாது என்று பெடலைப் பற்றி உனக்கு எழுதும்போதே எனக்குத் தெரியும். ஆகவே நீ செய்ததில் எனக்கு நஷ்டம் ஒன்றுமில்லை. மாப்பிள்ளைக்குக் கடுமையாக எழுதிவிட்டேன், மன்னித்துக்கொள்ளச் சொல்.

லீவுக்கு வரவில்லை. போட்டியில் ஜாக்கிரதையாக ஓட்டு.

அண்ணன்


குற்றாலம்,
17-5-1984

அன்புள்ள அண்ணனுக்கு உலகம்மாள் நமஸ்காரம்.

கடிதத்தைப் படித்துவிட்டு ஷெட்டில் போய் உட்கார்ந்து அழுதேன். உங்கள் காலுக்காக அழுதேன். அப்புறம், அங்கே தனியாகப் படுத்துக்கொண்டு "பயிற்சி" என்று எழுதினீர்களே, அதற்காக இன்னும் கொஞ்சம் அழுதேன். நான் வண்டி ஓட்டினதை மறைத்தேன், நீங்கள் காலை மறைத்தீர்கள். இரண்டு பேரும் ஒரே வயிற்றில் பிறந்தவர்கள்தான்.

பாவப்படக்கூடாது என்றீர்கள். பாவப்படவில்லை. எனக்கு இப்போது ஆள் தேவை, அதற்காக எழுதுகிறேன். இடதுபக்க சீட்டுக்கு முன்னால் பெடல் ஒன்றும் கிடையாது அண்ணே. வெறும் தரைதான். அங்கே உட்காருகிறவருக்குக் கால் வேண்டாம். வாய்தான் வேண்டும். அது உங்களுக்கு ஏராளமாக இருக்கிறது. எஸ் வளைவு உங்களுக்கு உள்ளங்கை. நீங்கள் சொல்லச் சொல்ல நான் திருப்புவேன்.

போட்டி நடத்துகிறவர்கள் இரண்டு பேர் பெயர் கொடுக்க வேண்டும் என்றார்கள். ஓட்டுபவர் உலகம்மாள், வழி சொல்பவர் கேப்டன் சிவனணைந்தபெருமாள் என்று கொடுத்துவிட்டேன். பட்டாளத்துக்காரர் பேர் கொடுத்துவிட்டு வராமல் இருந்தால் நம் ஊருக்குத்தான் கேவலம்.

ரயில் தென்காசிக்கு வரும்போது ஸ்டேஷன் வாசலில் பூனை நிற்கும். சாப்பிட்டுத் தெம்பாக வாருங்கள்.

உலகம்மாள்


பூனா,
5-7-1984

அன்புத் தங்கைக்கு அண்ணன் எழுதுவது. பூரண சுகம். இந்தத் தடவை நிஜமாகவே. புதுக்கால் பொருத்திவிட்டார்கள். ஆபீஸ் வேலை கொடுத்திருக்கிறார்கள், அதையும் பார்ப்போம்.

இங்கே வார்டில் போட்டிக் கதையைத் தினமும் சொல்கிறேன். சாரலில் ரோடு எண்ணெய் பூசினதுபோல் இருந்ததையும், எஸ் வளைவில் பின்பக்கம் ஒதுங்கினபோது எனக்கே வார்த்தை நின்றுபோனதையும், நீ பிரேக்கைத் தொடாமல் வால் போன பக்கமே ஸ்டியரிங்கைத் திருப்பி நேராக்கினதையும் சொல்கிறேன். ஆரியங்காவில் நாம் மூன்றாவது வந்தோம் என்று சொல்லும்போது யாரும் நம்புவதில்லை. ஓட்டினது என் தங்கச்சி என்றதும் முதலிலிருந்து சொல்லச் சொல்கிறார்கள். பழைய பேச்சில் "என் வண்டி" வரும். இப்போது அந்த வார்த்தை வருவதில்லை.

வெள்ளிக்கிழமை என்று பார்க்காதே. தினமும் ஓட்டு. மாப்பிள்ளையைக் கண்ணைத் திறந்து உட்காரப் பழக்கு. மாடத்தி அத்தைக்கு என் கும்பிடு.

உன்னிடம் சொல்லாத ஒன்று இருக்கிறது. ஆரியங்காவில் நீ அய்யன் கோயிலுக்குத் தேங்காய் உடைக்கப் போயிருந்தாய். அப்போதுதான் கோயம்புத்தூர்க்காரர் புலியில் வந்து சேர்ந்தார், நமக்கு வெகுநேரம் பின்னால். இறங்கி என் காலைப் பார்த்தார். நல்ல மனிதர். சாவியை என் கையில் வைத்து, "ஏனுங்க கேப்டன், உங்க வண்டியாமுங்களே, எனக்குத் தெரியாதுங்க. வேணும்னா திருப்பி மாத்திக்கலாமுங்க" என்றார். சாவி கையில் கனத்தது. பானட் மேல் மழைத்துளி நின்றது. அந்தப் பொம்மையை ஒருதரம் தடவிப் பார்த்தேன். பிறகு சாவியைக் கொடுத்துவிட்டுச் சொன்னேன்:

"என் வண்டியா இருந்தா மாத்திக்கலாம் சார். அது என் தங்கச்சிக்கு நான் போட்ட சீர்."

இப்படிக்கு,
சிவனணைந்தபெருமாள்